பனிக்கால ஒலிம்பிக்: பனியும் பணமும் இருக்கிறவனுக்கு மட்டும்தானா?

தெருமுனை | 11-11-2025, இரவு 9.12

2026 பிப்ரவரியில இத்தாலியில மிலானோ–கோர்ட்டினா பனிக்கால ஒலிம்பிக் வருது. மறுபடி நார்வே, ஜெர்மனி, அமெரிக்கான்னு அதே பட்டியல்தான் வரப்போகுது. 2022 பெய்ஜிங்குக்கு 91 நாடு போச்சு, பதக்கம் 29 நாட்டுக்குத்தான். டோக்கியோ கோடை ஒலிம்பிக்கில 206 அணி, 93 அணி பதக்கம் வாங்குச்சு. 2022 வரைக்கும் ஆப்பிரிக்கா ஒரு பனிக்காலப் பதக்கம் வாங்கல. தென்னமெரிக்காவும் அப்படித்தான். மலை, பனி, காசு மூணும் இருக்கிறவன் தனக்குள்ளேயே போட்டி வெச்சுக்கிட்டு உலகத்தைக் கைதட்டக் கூப்பிடுறான். இல்லேன்னு சொல்றவங்க ஆதாரத்தோட வாங்க.

கிளிஸ்டர் | 11-11-2025, இரவு 10.40

பாதி சரி. பனியையும் பணத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பிரித்துப் பாருங்கள்.

பனி மட்டும் இருந்தால் போதுமா? மங்கோலியாவில் குளிருக்கு என்ன குறை? ஒரு பதக்கம் கிடையாது. நேபாளம், கிர்கிஸ்தான், இரான் கதையும் அதுதான். சிலி, அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலையே இருக்கிறது. ஐரோப்பிய அணிகள் நம் ஆடி, ஆவணி மாதங்களில் அங்கே போய்த்தான் பயிற்சி எடுக்கின்றன. பதக்கம் பூஜ்யம். கஜகஸ்தான் 2022இல் வெறுங்கையோடு திரும்பியது.

பணம் மட்டும் இருந்தால் போதுமா? நெதர்லாந்தில் மலை என்று சொல்ல ஒன்றுமில்லை, பனியும் சொற்பம். 2014 சோச்சியில் 24 பதக்கம். அதில் 23 நீளத்தடப் பனிச்சறுக்கு ஓட்டத்தில், அதாவது 400 மீட்டர் சுற்றுத்தடத்து ஸ்பீட் ஸ்கேட்டிங்கில். அங்கே கொடுக்கப்பட்ட மொத்தப் பதக்கமே 36. கால்வாய் உறைவதை நம்பி அவர்கள் இல்லை. 200 கி.மீ. பதினொரு நகர ஓட்டம் கடைசியாக நடந்தது 1997இல். அதன் பிறகு போதுமான பனிக்கட்டி அமையவே இல்லை. ஹெரன்வீன் போன்ற ஊர்களில் கூரை போட்ட செயற்கைத் தடங்கள் இருக்கின்றன. அவ்வளவுதான் ரகசியம்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம்: ஒரு பதினாலு வயசுப் பிள்ளைக்கு வருஷத்தில் எத்தனை மணி நேரம் சறுக்கும் தளம் கிடைக்கிறது? அதை எது கொடுக்கிறது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு வேறு.

தெருமுனை | 12-11-2025, காலை 7.05

மணிக்கணக்கை யாரு குடுக்குறா? காசு. சுத்திச் சுத்தி என் இடத்துக்கே வந்துட்டீங்க.

ஓரம்87 | 12-11-2025, இரவு 11.18

மலைச் சறுக்கு (ஆல்பைன்) பக்கத்திலிருந்து ஒன்று. காசை விட அங்கே முதலில் இடிப்பது பாயின்ட் கணக்கு. இதைத் தெரியாமல் "ஏன் நம்மாள் ஒருத்தர்தான் போகிறார்" என்று கேட்பதில் பொருளில்லை.

பந்தயத்தில் உங்கள் பாயின்ட் = (உங்கள் நேரம் ÷ வென்றவர் நேரம் − 1) × ஒரு எண். அந்த எண், நெருக்கமான வளைவுகளுள்ள ஸ்லாலத்துக்கு 730, ஜயன்ட் ஸ்லாலத்துக்கு 1010, சூப்பர் ஜிக்கு 1190, வேகமே பிரதானமான டவுன்ஹில்லுக்கு 1250. பாயின்ட் குறையக் குறைய நல்லது. வென்றவருக்குப் பூஜ்யம்.

அதோடு அந்தப் பந்தயத்தின் 'பெனால்டி' எல்லாருக்கும் கூட்டப்படும். அது இப்படி வரும்:

— முதல் பத்து இடத்துக்குள் வந்தவர்களில் பட்டியலில் சிறந்த 5 பேரின் பழைய பாயின்ட்களைக் கூட்டு. இது அ.
— புறப்பட்ட எல்லாரிலும் சிறந்த 5 பேரின் பழைய பாயின்ட்களைக் கூட்டு. இது ஆ.
— அ-வில் உள்ள 5 பேர் இன்று வாங்கிய பந்தயப் பாயின்ட்களைக் கூட்டு. இது இ.
— (அ + ஆ − இ) ÷ 10.

அ 200, ஆ 180, இ 30 என்றால் பெனால்டி 35.

இப்போது ஜயன்ட் ஸ்லாலத்தில் வென்றவருக்கு இரண்டு ஓட்டமும் சேர்த்து 130 நொடி, உங்களுக்கு 143 நொடி என்று வையுங்கள். 13 ÷ 130 = 0.1. அதை 1010ஆல் பெருக்கினால் 101. பெனால்டி 40 என்றால் மொத்தம் 141. சோச்சி சமயத்தில் சிறிய நாட்டு வீரருக்கு வைத்த வரம்பு, ஐந்து முடிவுகளின் சராசரி 140. ஒரு பாயின்ட்டில் போச்சு. 142.8 நொடியில் வந்திருந்தால் 139 சொச்சம், உள்ளே.

கண்ணி எங்கே இருக்கிறது என்றால் பெனால்டியில். உங்கள் ஊரிலேயே பந்தயம் வைத்தால், வருகிறவர்கள் எல்லாருக்கும் பழைய பாயின்ட் அதிகம், எனவே பெனால்டியும் அதிகம். நீங்கள் முதலிடமே வந்தாலும் 0 + பெரிய பெனால்டி. நல்ல பாயின்ட் உள்ளவர்கள் ஓடும் இடத்துக்கு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். ஆஸ்திரியப் பையன் பஸ்ஸில் போகிற பந்தயத்துக்கு காஷ்மீர் குல்மர்க் பையன் விசா வாங்க வேண்டும். எழுதி வைத்த விதி எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

சறுக்குவண்டி | 13-11-2025, காலை 6.50

ஓரம்87, பெனால்டியைக் குறைக்க ஆளை வரவழைக்கிற வித்தையை விட்டுவிட்டீர்களே. 2014 சோச்சிக்கு முன் ஸ்லோவேனியாவில் நடந்த ஜயன்ட் ஸ்லாலப் பந்தயங்கள் நினைவிருக்கா? தாய்லாந்துக்காக இறங்கிய வயலின் கலைஞர் வனெஸ்ஸா-மே தகுதி பெற்றவை. ஓய்வு பெற்ற நல்ல பாயின்ட்காரர் ஒருவரைப் பெனால்டி குறைவதற்காகவே புறப்பட வைத்தார்கள் என்பது பன்னாட்டுப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வனெஸ்ஸா-மேவுக்கு நாலு வருஷத் தடை போட்டார்கள். 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் அதை நீக்கியது, அவரே தில்லுமுல்லு செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று.

ஓரம்87 | 13-11-2025, இரவு 10.02

அதுவேதான். மேலே உள்ள ஆ-வைப் பாருங்கள், வித்தை புரியும். புறப்பட்டாலே போதும், முடிக்கக்கூட வேண்டாம். நல்ல பாயின்ட்காரர் ஒருவர் கேட்டில் நின்று இறங்கினாலே கூட்டுத்தொகை குறைகிறது.

ஒன்றைச் சேர்க்கணும். விதி முழுக்கப் பெரிய நாட்டுப் பக்கம் சாய்ந்தது என்று என் முதல் பதிவைப் படித்தால் தோன்றும். அப்படியும் இல்லை. ஒலிம்பிக்கில் ஒரு நாடு ஒரு மலைச்சறுக்குப் போட்டிக்கு 4 பேரைத்தான் இறக்கலாம். ஆஸ்திரியாவின் ஏழாவது ஆள் உலகின் முதல் முப்பதில் இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கணும். அந்த இடம்தான் சிறிய நாடுகளுக்குப் போகிறது. ஆனால் அது கலந்துகொள்ளும் இடம். பதக்க மேடைக்கு யாரும் படி போட்டுத் தரவில்லை.

தெருமுனை | 14-11-2025, மாலை 5.30

வீட்ல டிவி பாக்குற ஏழாவது ஆளுக்காக அழுக இங்க யாரும் இல்ல. சரி, பதக்கப் பட்டியல்ல நார்வே ஏன் எப்பவும் மேல? 55 லட்சம் பேரு. சென்னை நகரத்தை விடக் கம்மி.

கிளிஸ்டர் | 15-11-2025, பிற்பகல் 2.20

முதலில் பட்டியலையே சந்தேகப்படுங்கள். பெய்ஜிங்கில் மொத்தம் 109 தங்கம். நெடுந்தூரப் பனிச்சறுக்குக்கு (கிராஸ் கன்ட்ரி) 12, துப்பாக்கியோடு ஓடும் பயத்லானுக்கு 11. ஆக 23. ஒரே நுரையீரல், ஒரே கால், ஏழெட்டு விதமான தூரம். பயத்லானில் நார்வேயின் யோஹான்னஸ் டிங்னஸ் பூ ஒருவரே 4 தங்கம் எடுத்தார். நெடுந்தூரத்தில் தெரேசே யோஹாவ் 3. ஐஸ் ஹாக்கியில் 25 பேர் இரண்டு வாரம் அடித்துக்கொண்டு வாங்குவது ஒரே ஒரு தங்கம். நார்வேயின் பலம் எண்ணிக்கை அதிகமான இடத்தில் இருக்கிறது. பெய்ஜிங்கில் அவர்கள் எடுத்த 16 தங்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

அடுத்தது ஸ்கீயின் அடியில் தடவும் மெழுகு. பணம் நொடியாக மாறுகிற இடத்தைக் கண்ணால் பார்க்கணும் என்றால் மெழுகுக் கூடத்துக்குப் போகணும்.

நெடுந்தூர ஸ்கீயின் அடிப்பக்கம் பாலிஎத்திலீன். அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய வரிகளைக் கல்லில் அரைத்து ஏற்றுவார்கள். காய்ந்த கடுங்குளிர்ப் பனிக்கு நுண்ணிய வரி. ஈரப் பனிக்கு அகலமான வரி. இல்லாவிட்டால் தண்ணீர்ப் படலம் அடியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பெரிய அணி வீரருக்கு வரிக்கு ஒரு ஜோடி, வளைவின் விறைப்புக்கு ஒரு ஜோடி என்று டஜன் கணக்கில் ஸ்கீ இருக்கும். தொழிற்சாலைக்கே போய்ப் பொறுக்கி எடுப்பார்கள்.

பந்தயக் காலை வேலை இப்படி நடக்கும். பனியின் வெப்பம், காற்றின் வெப்பம், ஈரப்பதம் மூன்றும் அளப்பார்கள். பித்தளைப் பிரஷ்ஷால் அடியைத் திறந்து, சறுக்கு மெழுகை அயர்னில் உருக்கித் தடவுவார்கள். மெழுகின் வகைக்கேற்ப 120இலிருந்து 150 டிகிரி சுமாருக்கு அயர்ன். தோசைக்கல் மாதிரி தண்ணி தெளித்துச் சூடு பார்க்கிற விஷயம் இல்லை. கூடினால் அடிப்பரப்பு கருகி மூடிக்கொள்ளும், பிறகு மெழுகு இறங்காது. ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, நைலான் பிரஷ் போட்டு முடிப்பார்கள். பிறகு பத்துப் பதினைந்து ஜோடியை ஒரே சரிவில் இரண்டிரண்டாக இறக்கி எது முந்துகிறது என்று பார்ப்பார்கள். தோற்றதைத் தள்ளி, வென்றதை வென்றதோடு மோதவிட்டு, கடைசியில் ஒன்று மிஞ்சும்.

கிளாசிக் பாணிக்கு இன்னொரு தலைவலி: காலுக்கடியில் பிடிமான மெழுகு. ஸ்கீயைச் சமதளப் பலகையில் வைத்து இரண்டு காலிலும் சமமாக நின்றால், அடியில் ஒரு மெல்லிய தாள் நழுவணும். ஒற்றைக் காலில் முழு எடையும் போட்டால் தாள் சிக்கணும். நழுவாவிட்டால் ஸ்கீ உங்களுக்கு மென்மை, ஓட்டம் முழுக்க இழுக்கும். சிக்காவிட்டால் விறைப்பு, ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும். பழைய, உருகி உறைந்த பனிக்குப் பசை மாதிரி இருக்கும் கிளிஸ்டர் (என் பெயர்க் காரணம்). பூஜ்யம் டிகிரியில் புதுப்பனி விழுந்துகொண்டிருந்தால் நிபுணர்களே கையைப் பிசைவார்கள். வெயில் பக்கம் ஒட்டும், நிழல் பக்கம் வழுக்கும்.

இதற்குப் பெரிய அணிகள் லாரியையே கூடமாக்கிப் பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கின்றன. ஒற்றை வீரராக வருகிறவருக்கு அவரே மெழுகுக்காரர், அவரே டிரைவர், அவரே சமையல்.

தெருமுனை | 15-11-2025, மாலை 6.11

ஃப்ளோரின் மெழுகைத் தடை பண்ணாங்களே, அதனால ஏழைக்கு லாபம்னு படிச்சேன்?

கிளிஸ்டர் | 15-11-2025, இரவு 8.45

2023–24 பருவத்திலிருந்து முழுத் தடை. சுற்றுச்சூழல்தான் காரணம், அந்த வேதிப்பொருள் மண்ணிலும் ரத்தத்திலும் தங்கிவிடும். முதல் பருவத்தின் முதல் வாரமே ஆஸ்திரியாவின் ஸோல்டனில் நார்வேயின் ராக்ன்ஹில்ட் மோவிங்கல் சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார். சிறிய டப்பாவுக்குக் கொள்ளை விலை கொடுத்த செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் ஃப்ளோரின் ஈரப்பனியில் பல பிழைகளை மூடிக்கொண்டிருந்தது. அது போனதும் கல்லில் அரைக்கிற வரிதான் எல்லாம் என்று ஆனது. அரைக்கும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது? பெரிய அணிகளிடம். ஏழைக்கு டப்பா லாபம், மெஷின் நஷ்டம்.

சறுக்குவண்டி | 16-11-2025, காலை 11.30

பாப்ஸ்லெட், லூஜ், ஸ்கெலட்டன் (ஐஸ் தடத்தில் சறுக்குவண்டியில் இறங்கும் மூன்று விளையாட்டுகள்) பக்கம் யாரும் வரவில்லை. உங்கள் குற்றச்சாட்டு முழுதாகப் பொருந்துவது அங்கேதான், தெருமுனை. ஆனால் குற்றவாளி பனி இல்லை, அம்மோனியா.

செயற்கைத் தடம் என்பது ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம் வளைந்து இறங்கும் கான்கிரீட் தொட்டி. உள்ளே குளிரூட்டிக் குழாய், மேலே தண்ணீரைப் பூப்பூவாகத் தெளித்து அடுக்கடுக்காக உறைய வைத்த சில சென்டிமீட்டர் ஐஸ். உலகத்தில் ஓடுகிற தடங்களை எண்ண இரண்டு கை விரலுக்குக் கொஞ்சம் மேல் போதும். ஜெர்மனிக்கு மட்டும் நான்கு: ஆல்டன்பெர்க், வின்டர்பெர்க், ஓபர்ஹோஃப், 2021 வெள்ளத்தில் சேதமான கோனிக்ஸே. பெய்ஜிங்கில் இந்த மூன்று விளையாட்டிலும் சேர்த்து 10 தங்கம், ஜெர்மனி 9. மிச்சம் ஒன்று பெண்கள் மோனோபாப் (ஒற்றை ஆள் பாப்ஸ்லெட்), அமெரிக்காவின் கெய்லி ஹம்ப்ரீஸ். வண்டி செய்ய பெர்லினில் அவர்களுக்குத் தனி ஆய்வு நிறுவனமே உண்டு.

பணக்காரர்களாலேயே தாங்க முடியவில்லை என்பது வேடிக்கை. 1998 நாகானோ தடம் 2018இல் ஐஸ் போடுவதை நிறுத்தியது. 2006 டூரினுக்காகக் கட்டிய செசானா சில வருஷத்திலேயே மூடப்பட்டது. கால்கரி 2019இல். இப்போது கோர்ட்டினாவில் ஏறத்தாழ 12 கோடி யூரோவுக்குப் புதுசு கட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஆஸ்திரியாவில் இக்ல்ஸ் தடம் ஏற்கெனவே இருக்கும்போது.

பனியே இல்லாமல் உள்ளே நுழைந்தவர்களும் உண்டு. பிரிட்டனில் ஐஸ் தடம் கிடையாது. பாத் பல்கலைக்கழகத்தில் சக்கரம் வைத்த பலகையைத் தள்ளி ஓடப் பழகும் தளம் மட்டும். 2002இலிருந்து 2018 வரை ஸ்கெலட்டனில் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம். ஏமி வில்லியம்ஸ் 2010, லிசி யார்னல்ட் 2014, 2018 தங்கம். ஸ்கெலட்டனில் முதல் 30 மீட்டர் தள்ளல் பாதி வேலை, அதைத் தார் ரோட்டிலும் பழகலாம். லாட்டரிப் பணத்தில் அவர்கள் அந்தப் பாதியை வாங்கினார்கள், மீதிப் பாதிக்கு வாடகைத் தடம். 2022இல் பதக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லூஜில் அந்தக் குறுக்கு வழி இல்லை. உட்கார்ந்து கையால் உந்துவது, பிறகு படுத்துவிடுவது. வளைவில் எந்த இடத்தில் தோளை அழுத்துவது என்பது ஆயிரக்கணக்கான இறக்கத்தில் மட்டும் வரும். சிவ கேசவனின் ஆறு ஒலிம்பிக்கை (1998–2018) இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். மணாலிப் பக்கத்து வசிஷ்ட் ஊர்க்காரர். பயிற்சி இமயமலை ரோட்டில், சக்கரம் மாட்டிய வண்டியில், லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே. ரோட்டில் வேகம் பழகும், பாதை தேர்வு பழகும். செங்குத்தாக எழும் ஐஸ் சுவரின் அழுத்தம் பழகாது. ஆசிய அளவில் அவர் தங்கங்கள் எடுத்தார். ஒலிம்பிக்கில் ஜெர்மன் பையனுக்கும் அவருக்கும் உள்ள தூரம் திறமைத் தூரம் மட்டும் அல்ல.

எடைக் கணக்கு வேறு. ஆண்கள் ஒற்றையரில் 90 கிலோவுக்குக் குறைந்தவர் வித்தியாசத்தில் முக்கால் பங்கு ஈயத்தைக் கட்டிக்கொள்ளலாம். 78 கிலோ ஆள் 9 கிலோ கட்டலாம். அப்படியும் 3 கிலோ குறைவு. புவியீர்ப்பு தள்ளுகிற விளையாட்டில் அந்த மூன்று கிலோ உறுத்தும்.

ஓரம்87 | 18-11-2025, இரவு 9.55

தெருமுனையின் 'தென்னமெரிக்கா' வரிக்கு இந்த ஞாயிறே ஒரு இடி. பின்லாந்தின் லெவியில் நடந்த உலகக் கோப்பை ஸ்லாலத்தில் பிரேசிலின் லூக்காஸ் பினேய்ரோ ப்ராத்தன் முதலிடம். பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பை வெற்றி.

கொடி பறந்ததும் கொண்டாடுவோம், சரி. ஆனால் அவர் வளர்ந்ததும் பழகியதும் நார்வேயில். அம்மா பிரேசில்காரர். நார்வே அணியில் ஸ்லாலம் கோப்பையே வென்ற பிறகு கொடி மாறினார். இந்த பிப்ரவரியில் ஹார்பின் ஆசியப் பனிக்காலப் போட்டியில் பிலிப்பைன்ஸ் ஆண்கள் கர்லிங்கில் (ஐஸில் கல்லைச் சறுக்கவிடும் விளையாட்டு) தென் கொரியாவை வீழ்த்தித் தங்கம் வாங்கியதும் இதே வகை. அணியின் முதுகெலும்பு சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிலிப்பினோ பிள்ளைகள். வெப்பநாட்டுக் கொடி, குளிர்நாட்டுக் கைப்பழக்கம். குறை சொல்லவில்லை, சட்டப்படி சரி, பார்க்க உற்சாகம். ஆனால் இதை வைத்து "பாருங்கள், கதவு திறந்திருக்கிறது" என்று சம்மேளனங்கள் விளம்பரம் செய்யும்போதுதான் சிரிப்பு வருகிறது.

எதிர்ப்பக்கம் குரோஷியாவின் யானிட்சா கோஸ்டெலிச். பெரிய மலை இல்லை, போர்க்காலம், குடும்பம் பந்தயத்துக்குப் பந்தயம் காரில் தூங்கிப் போனது. 2002இல் மூன்று தங்கம். ஆனால் ஆஸ்திரியப் பனியாறு அவர்களுக்குக் கார் ஓட்டிப் போகும் தூரம். காசில்லாமலும் ஐரோப்பாவில் அது முடியும். காசில்லாத லடாக் பிள்ளைக்குக் கார் எங்கே போகும்?

தெருமுனை | 19-11-2025, காலை 8.20

லீக்டென்ஸ்டெய்ன் பத்துப் பதக்கம் வாங்குன கதையும் இதேதானா? சுமார் 40 ஆயிரம் பேருதான்.

ஓரம்87 | 19-11-2025, காலை 8.41

ஆமா. பத்தும் மலைச்சறுக்கில். பள்ளிக்கூட வாசலில் மலை.

உருள்சக்கரம் | 21-11-2025, இரவு 10.30

இத்தனை பேர் எழுதியும் தமிழ்நாட்டுக்கு நேராகத் தொடர்புள்ள கதவை யாரும் தட்டவில்லை. ரோலர் ஸ்கேட்டிங்.

சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் உலகச் சாம்பியன் ஆனார். இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் முதல் உலகத் தங்கம். இன்லைன் (ஒரே வரிசையில் மாட்டிய) சக்கரத்தில் உலகை வென்றவர்கள் ஐஸுக்குப் போய் ஒலிம்பிக் வெல்வது புதுசு அல்ல. எரின் ஜாக்சன் ஃப்ளோரிடா ஒக்காலா ஊர்க்காரர். பனியும் இல்லை, குளிரும் இல்லை. 2022இல் 500 மீட்டர் தங்கம். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் இன்லைன் மன்னர். மாஸ் ஸ்டார்ட்டில் (எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் ஓட்டம்) 2022 தங்கம், 1948க்குப் பிறகு அந்த நாட்டுக்கு முதல் பனிக்காலத் தங்கம்.

உடம்பு அப்படியே மாறும்: தொடை, தாழ்ந்த இடுப்பு, கூட்டத்தில் ஓடும் தந்திரம். மாறாதவை மூன்று.

சக்கரம் 110 அல்லது 125 மில்லிமீட்டர் பாலியூரித்தேன், தரையைக் கவ்வும், கொஞ்சம் சாய்ந்தாலும் மன்னிக்கும். ஐஸ் பிளேடு சுமார் 1.1 மில்லிமீட்டர் தடிமன். விளிம்பு சரியான கோணத்தில் இறங்காவிட்டால் கால் தனியே போய்விடும். இன்லைனில் காலை உள்பக்கம் இழுத்தும் ஒரு உந்தல் எடுப்பார்கள், அந்தப் பழக்கம் ஐஸில் நேரம் தின்னும். மூன்றாவது கிளாப் பிளேடு: குதிகால் கழன்று முன்பக்கக் கீலில் தொங்கும். கடைசிவரை பிளேடு ஐஸில் ஒட்டி நிற்கும், கணுக்காலை நீட்டி உந்தி முடிக்கலாம். இன்லைன்காரர் முதலில் சீக்கிரமே காலைத் தூக்கிவிடுவார், கீல் சும்மா டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மலை வேண்டாம். தளம் வேண்டும். டேராடூன் ஐஸ் அரங்கம் 2011 தெற்காசியப் போட்டிக்குக் கட்டி, பல வருஷம் பூட்டிக் கிடந்து, இந்த ஆகஸ்டில் ஆசிய ஷார்ட் ட்ராக் (சிறுவட்ட ஐஸ் ஓட்டம்) போட்டியோடு மறுபடி உயிர் பெற்றது. ஐஸ் தளத்தைக் கட்டுவது ஒரு செலவு. கம்ப்ரசரை நிறுத்தாமல் ஓட்டும் மின்கட்டணம் மாதாமாதம் வரும் செலவு. நம் நாட்டில் முதல் செலவுக்கு நாடா வெட்ட ஆள் கிடைக்கும், இரண்டாவதுக்குக் கிடைக்காது.

கிளிஸ்டர் | 22-11-2025, காலை 9.15

நெடுந்தூரத்திலும் அதே கதவு உண்டு, சக்கரம் மாட்டிய ரோலர் ஸ்கீ. டோங்கா நாட்டின் பிட்டா டவ்ஃபடோஃபுவா 2018க்குத் தகுதிப் பாயின்ட் பெரும்பாலும் ரோலர் ஸ்கீ பந்தயங்களில்தான் சேர்த்தார், கடைசி ஒன்று ஐஸ்லாந்துப் பனியில். அங்கே வரம்பு 300 பாயின்ட், பெருக்கும் எண் தனித்தனியாகப் புறப்படும் ஓட்டத்துக்கு 800. வென்றவர் 25 நிமிடம், நீங்கள் 32 நிமிடம் என்றால் 0.28 × 800 = 224. பெனால்டி 60 சேர்த்து 284, உள்ளே. ஜயன்ட் ஸ்லாலத்தில் பத்து சதவீதம் பின்தங்கியவர் வெளியே நிற்கிறார், இங்கே 28 சதவீதம் பின்தங்கியவர் உள்ளே. கலந்துகொள்ள இதைவிட அகலமான வாசல் கிடையாது. பதக்கத்துக்கு இதைவிடக் குறுகலானதும் கிடையாது.

தெருமுனை | 23-11-2025, இரவு 9.00

இப்பல்லாம் செயற்கைப் பனிதானே. அப்போ பனி இல்லாத நாடும் மெஷின் வாங்கிப் போட்டா முடிஞ்சுது?

ஓரம்87 | 23-11-2025, இரவு 11.47

பெய்ஜிங் ஏறக்குறைய முழுக்க மெஷின் பனி. மலைச்சறுக்கு நடந்த யான்சிங் மலை காய்ந்த பூமி, பக்கத்தில் எல்லாம் பழுப்பு, நடுவே வெள்ளை நாடா. ஆனால் மெஷினுக்கும் குளிர் வேண்டும். பார்க்க வேண்டியது சாதா வெப்பமானி இல்லை, ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது). அது சுமார் −2.5க்குக் கீழே போகணும். காற்று 0 டிகிரியாக இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் −4க்கும் கீழ், பனி மெஷின் ஓடும். −1 டிகிரியும் மூடுபனியும் என்றால் ஓடாது, தண்ணீர்தான் கொட்டும்.

அளவு போட்டுப் பாருங்கள். 1 கி.மீ. நீளம், 40 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனம்: 20,000 கன மீட்டர் பனி. மெஷின் பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 450 கிலோ சுமார். ஆக 9,000 கன மீட்டர் தண்ணீர், 90 லட்சம் லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் லாரியில் 750 லோடு. மலைமேல் குளம் வெட்டி, பம்ப் போட்டு, குழாய் உறையாமல் புதைத்து, இரவு இரவாக ஓட்டணும். இதைச் செய்யும் நாடு ஏற்கெனவே குளிரும் காசும் உள்ள நாடுதான்.

குல்மர்க்கில் இந்த வருஷம் கேலோ இந்தியா பனிக்காலப் போட்டியின் பிப்ரவரிச் சுற்று பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளியது. 2,650 மீட்டர் உயரத்தில்! சுவிட்சர்லாந்தின் டாவோஸ்காரர்கள் போன குளிர்காலப் பனியைக் குவித்து, மரத்தூளைக் கனமாகப் போர்த்தி, கோடை முழுக்க வைத்திருந்து, அக்டோபர் கடைசியில் விரித்து நாலு கி.மீ. தடம் திறக்கிறார்கள். மரத்தூளும் புல்டோசரும் நம்மிடம் இல்லாத தொழில்நுட்பம் இல்லை. அதை யார் பொறுப்பு, யார் பட்ஜெட் என்று எழுதிக் கையெழுத்திடும் அலுவலகம்தான் இல்லை.

ஆகவே பருவநிலை மாற மாற இது இன்னும் பணக்கார விளையாட்டாகத்தான் ஆகும். இந்த ஒரு விஷயத்தில் நான் தெருமுனை கட்சி.

கிளிஸ்டர் | 25-11-2025, இரவு 10.10

நார்வேக்குத் திரும்பினால், பணம் எப்படிப் பாய்கிறது என்பதும் சேர்த்திதான். அரசு சூதாட்ட நிறுவனத்தின் உபரியில் பெரும்பங்கு விளையாட்டுக்குப் போகிறது, அது ஊர்ச் சங்கத்தின் தடத்துக்கு விளக்குப் போடுவது வரை இறங்குகிறது. மாலை நாலு மணிக்கே இருட்டும் ஊரில் காட்டுக்குள் விளக்குத் தடம் என்றால், பள்ளி விட்டதும் தினம் ஒரு மணி நேரம். 11 வயது வரை பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியல் போடக் கூடாது, 13க்கு முன் தேசியப் போட்டி கிடையாது. ஆறு வயசில் 'மாநில சாம்பியன்' கோப்பை கொடுக்கிற ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கலாம். கஜகஸ்தானிடமும் எண்ணெய்க் காசு உண்டு, பனி உண்டு. ஊர் ஊருக்கு விளக்குத் தடம் இல்லை.

தெருமுனை | 26-11-2025, காலை 7.30

சரி, 'பனியும் பணமும்'ங்கிறதை 'தளமும் போக்குவரத்தும்'னு மாத்திக்கிறேன். இப்பவும் ஆப்பிரிக்கா பூஜ்யம்தான், அதை யாரும் மாத்தல. உருள்சக்கரம், எங்க ஏரியாவுல நாலு பசங்க இன்லைன் நல்லா ஓடுறாங்க. ஐஸுக்கு என்ன வாங்கணும்?

உருள்சக்கரம் | 26-11-2025, இரவு 9.25

நம் நாட்டில் 400 மீட்டர் தடம் எட்டாத தூரம், அதனால் ஷார்ட் ட்ராக்கில் தொடங்குங்கள். 60 × 30 மீட்டர் தளம், 111.12 மீட்டர் சுற்று. கிளாப் கீல் இதில் கிடையாது, பிளேடு நிலையாக இருக்கும். இடப்பக்கமாகவே திரும்புவதால் பிளேடு காலணியின் நடுவே இருக்காது, இடப்பக்கம் தள்ளி மாட்டியிருக்கும். பிளேடும் லேசாக இடப்பக்கம் வளைத்திருக்கும். நீளவாக்கு வளைவின் ஆரம் 8–10 மீட்டர் சுமார். நீளத்தடப் பிளேடுக்கு 21–25. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று நீளத்தடப் பிளேடை வாங்கி இந்தச் சின்ன வட்டத்தில் ஓடினால் வளைவில் நேராகப் போய்த் தடுப்பு மெத்தையில் மோதுவார்கள்.

கழுத்துக் காப்பு, வெட்டுப்படாத துணியில் உடை, கையுறை, தலைக்கவசம், முழங்கால் கவசம் இல்லாமல் தளத்தில் விடக் கூடாது. பிளேடு கத்தி.

முதலில் வாங்க வேண்டியது ஜிக், அதாவது பிளேடைப் பூட்டித் தீட்டும் சட்டம். இரண்டு பிளேடையும் தலைகீழாக இணையாகப் பூட்டி, கல்லைக் குறுக்குச் சாய்வாக இழுத்து, இரண்டிலும் ஒரே மட்டமாகத் தேய்ப்பு விழும் வரை தீட்டணும். பிறகு சிறு நுண்கல்லைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இழுத்துப் பிசிறை எடுக்கணும். நகத்தை விளிம்பில் வைத்து இழுத்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி சுரண்டணும். ஒரு பக்கம் மொட்டை என்றால் மறுபடி தொடக்கத்திலிருந்து. ஊர்க் கத்திச் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஆரம் அழிந்துவிடும், அப்புறம் பிளேடு பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். நாலு பசங்களுக்கும் ஒரு ஜிக் போதும். காலணி மட்டும் ஆளுக்கொன்று, சொந்த அளவில்.